கோல நோட்டு, வாழ்த்து அட்டை, வீட்டுத் தோட்டம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னாடி பேசினவங்க கறவை மாட்டுக் கடன், தையல் பயிற்சி, திருப்பிச் செலுத்தும் முறை எல்லாம் நல்லா விளக்கமாச் சொன்னாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு "ஓய்வு நேரக் கலைகள்". இதைச் சொன்னதுமே எங்க குழுவுல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. "நமக்கு எங்கடி ஓய்வு நேரம்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதனால ஓய்வு நேரத்தைப் பத்தி நான் பேசப் போறதில்லை. நாம ஏற்கெனவே செய்துக்கிட்டு இருக்கிற, ஆனா வேலைன்னு யாரும் கணக்குல சேர்க்காத மூணு விஷயத்தைப் பத்தித்தான் பேசப் போறேன். கோல நோட்டு, கையால செய்யும் வாழ்த்து அட்டை, வீட்டைச் சுத்தி வளர்க்கும் பூவும் கீரையும். இந்த மூணும் எதுக்கு நமக்கு வேணும்னு நான் நினைக்கிறதைச் சொல்றேன். சரியா இருந்தா எடுத்துக்கோங்க.

முதல்ல கோல நோட்டு.

குழுவுல சேர்ந்த பிறகு நமக்கு எத்தனை நோட்டு வந்திருக்குன்னு எண்ணிப் பாருங்க. வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தனிநபர் பாஸ்புக். 1989-ல் தருமபுரி மாவட்டத்துல மகளிர் குழுக்கள் தொடங்கினபோது கைநாட்டு வச்ச பெண்கள் பலர், பிறகு கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்க. நம்ம ஊரிலும் அப்படிக் கத்துக்கிட்ட பெரியம்மாக்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கீங்க. அந்த நோட்டுகளால்தான் நாம வங்கி வாசப்படி ஏறினோம். அதுல மாற்றுக் கருத்து இல்லை.

ஆனா அந்த நோட்டு எல்லாம் மத்தவங்க பார்க்கிறதுக்காக எழுதற நோட்டு. தணிக்கைக்கு வருவாங்க, வங்கியில கேட்பாங்க, கூட்டமைப்புல சரிபார்ப்பாங்க. ஒரு அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. நம்ம வீட்டுல இன்னொரு நோட்டு இருக்கு. அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னாடியோ, அரிசிப் பானை மேலேயோ, பீரோவுல புடவைக்கு அடியிலேயோ இருக்கும். பிள்ளைங்க எழுதி மிச்சம் விட்ட கட்டம் போட்ட கணக்கு நோட்டு. அதுதான் கோல நோட்டு. அதை யாரும் தணிக்கை பண்றதில்லை. அதுல எத்தனை முறை வேணும்னாலும் அழிச்சு அழிச்சுப் போடலாம்.

அந்த நோட்டைச் சாதாரணமா நினைக்காதீங்க. இடுக்குப் புள்ளி 7-லிருந்து 4 வரைன்னு எழுதி வச்சிருப்போம். நடுவுல 7, அதுக்கு மேலேயும் கீழேயும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. அதையே 15-லிருந்து 8 வரைன்னு வச்சா 169 புள்ளி. அந்த 169 புள்ளியையும் மார்கழி விடியக்காலை இருட்டுல, ஸ்கேல் இல்லாம, குனிஞ்ச இடுப்பு நிமிராம, ஒரு புள்ளி கூட விலகாம வைக்கிறோம். சிக்குக் கோலத்துல சில கோலம் ஒரே கோடு. ஆரம்பிச்ச இடத்துக்கே அந்தக் கோடு வந்து சேரணும், நடுவுல ஒரு புள்ளியும் விட்டுப் போகக் கூடாது. இது கணக்கு இல்லாம வேற என்ன? தாம்பரத்துல இருக்கிற சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணி, அவரோட மனைவி ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் சேர்ந்து 1974-லேயே கோலத்தைப் பத்திக் கம்ப்யூட்டர் துறை ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காங்க. ஒரு மொழிக்கு இலக்கணம் இருக்கிற மாதிரி கோலத்துக்கும் விதி இருக்கு, அந்த விதியை எழுதிக் காட்டலாம்னு காட்டினாங்க. நம்ம அப்பத்தாவும் அம்மாச்சியும் எழுத்தே தெரியாம வச்சிருந்த விதி அது.

என் மாமியாரை நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன். எங்க மாமா இறந்த பிறகு அத்தை வாசல்ல கோலம் போடுவதை நிறுத்திட்டாங்க. போடக் கூடாதுன்னு வீட்டுல யாரும் சொல்லலை. ஊர் வழக்கம், அவங்களாவே நிறுத்திக்கிட்டாங்க. நல்லது கெட்டதுக்கும் முன்னாடி வந்து நிக்கிறதில்லை. ஆனா கோல நோட்டை மட்டும் விடலை. மத்தியானம் மூணு மணிக்கு ஆடு ரெண்டையும் கட்டிப் போட்டுட்டு, திண்ணையில உட்கார்ந்து பென்சிலால புள்ளி வைப்பாங்க. வாசல்ல போடுறதுக்கு இல்லை, சும்மா போடுவாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு அந்தக் கோலத்துக்குப் பக்கத்துல ஏதோ எழுத ஆரம்பிச்சாங்க. அத்தை அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவங்க. "இன்னைக்கு வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டது." "நல்ல மழை. ஓடை தண்ணி வந்துச்சு." "மல்லியில முதல் மொட்டு." இப்படி ஒரு வரி, ரெண்டு வரி. சில நாள் குட்டியோட படத்தையே வரைஞ்சிருப்பாங்க, நாலு காலும் நாலு பக்கமா நிக்கும். ஒரு பக்கத்துல காய்ஞ்ச வேப்பிலை ஒண்ணை ஒட்டி, "இந்த மரம் அவுக வச்சது"ன்னு எழுதியிருந்தாங்க. நான் அதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாமா செத்து ரெண்டு வருஷத்துல அத்தை எங்ககிட்ட ஒரு வார்த்தை அவரைப் பத்திப் பேசினதில்லை. அந்த நோட்டுகிட்ட பேசியிருக்காங்க.

பட்டணத்துல இதுக்குன்னு தனி நோட்டு விக்குது, கலர் பேனா விக்குது, வகுப்பே நடத்துறாங்களாம். படம் வரைஞ்சு, பூ ஒட்டி, அன்னன்னைக்குத் தோணுனதை எழுதி வைக்கிற நோட்டு. நமக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை. கோல நோட்டுல பக்கத்துக்கு ஒரு ஓரம் விட்டு வைங்க. தேதி போட்டு ஒரு வரி எழுதுங்க. எழுத வராதவங்க படம் போடுங்க. கேலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் காலியாத்தான் இருக்கும், அதைக் கத்தையாச் சேர்த்து கோணி ஊசியால தைச்சாலும் நோட்டுதான். எங்க பொண்ணு இப்ப என்ன பண்றான்னா, அத்தையோட நோட்டைப் பார்த்து வாசல்ல கோலம் போடுறா. அத்தை திண்ணையில இருந்து, "அந்த மூணாவது புள்ளியில வளைச்சுத் திருப்புடி"ன்னு சொல்றாங்க. கை பேத்தியோடது, கோலம் பாட்டியோடது.

ரெண்டாவது, வாழ்த்து அட்டை.

என் வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாம சின்னப் பிள்ளைகளா இருந்தப்போ பொங்கலுக்கு முன்னாடி கடை வாசல்ல கயிறு கட்டி வாழ்த்து அட்டை தொங்கவிட்டிருப்பாங்க. கரும்பு, பானை, காளை, சாமி படம், சினிமா நடிகர் படம். காசு சேர்த்து வச்சு வாங்கி, சிநேகிதிகளுக்குப் பேர் எழுதி அனுப்புவோம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா தெருவே எட்டிப் பார்க்கும். இப்ப பொங்கல் அன்னைக்கு வாட்ஸ்அப்புல நூறு வாழ்த்து வருது. நூறும் ஒரே படம். நமக்கு வந்ததை நாமளும் அப்படியே அடுத்தவங்களுக்குத் தள்ளிவிடுறோம். அதைத் தப்புன்னு சொல்லலை. ஆனா அதுல நம்ம கை எங்கே இருக்கு?

அட்டை செய்யக் காசு வேண்டாம். ஒவ்வொரு வீட்டுலயும் பழைய கல்யாணப் பத்திரிகை ஒரு பை நிறைய இருக்கும். சாமி படம் போட்டது, தூக்கிப் போட மனசு வராம வச்சிருப்போம். நல்ல கெட்டி அட்டை. சாமி படத்தை மட்டும் வெட்டித் தனியா எடுத்து வச்சுக்கிட்டு, எழுத்து இல்லாத பக்கத்தை வெளியே வர்ற மாதிரி மடிச்சா அட்டை தயார். அது மேலே ஒட்டப் பூ வேணும். மெல்லிசான இதழா இருக்கணும். சங்குப்பூ, டிசம்பர் பூ, நித்தியகல்யாணி நல்லா வரும். முருங்கை இலை, புளிய இலைக் கொத்து, வேப்பங்கொழுந்து ரொம்ப அழகா இருக்கும். பழைய நியூஸ் பேப்பருக்கு நடுவுல பரப்பி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வச்சுட்டா பத்து நாள்ல தட்டையாக் காய்ஞ்சிடும். நடுவுல ரெண்டு தடவை பேப்பரை மாத்தணும், இல்லைன்னா ஈரத்துல பூசணம் பிடிக்கும். மல்லி, ரோஜா மாதிரி கனமான பூ இதுக்கு ஆகாது, கறுத்துப் போகும்.

அரச இலை கிடைச்சா இன்னும் நல்லது. தண்ணியில மூணு நாலு வாரம் ஊறப் போட்டு, அப்பப்ப தண்ணியை மாத்தி, பிறகு பழைய பல் தேய்க்கிற பிரஷால மெதுவாத் தேய்ச்சா சதை எல்லாம் போய், நரம்பு மட்டும் வலை மாதிரி நிக்கும். அதை ஒட்டினா கடையில வாங்கின அட்டை தோத்துப் போகும்.

ஒட்டுறதுக்குக் கருவேலம் பிசினை ராத்திரி தண்ணியில ஊறப் போட்டா காலையில பசை. இல்லைன்னா மைதாவைக் காய்ச்சிக்கலாம். கலருக்கும் அடுப்படிதான். மஞ்சளைக் கரைச்சா மஞ்சள் கலர். அதுல கொஞ்சம் வெத்தலைச் சுண்ணாம்பு போட்டா சிவப்பு, நாம ஆரத்தி கரைக்கிறோமே அதேதான். சங்குப்பூவைக் கொதிக்க வச்சா நீலம். அந்த நீலத்துல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டா கண்ணு முன்னாடியே ஊதாவா மாறும். இதைச் செய்யும்போது பிள்ளைங்களைப் பக்கத்துல வச்சுக்கோங்க. ஸ்கூல்ல படிக்கிற அமிலம், காரம் எல்லாம் அதுக்குள்ளே இருக்கு. ஒண்ணு மட்டும், மஞ்சள் கலர் வெயில்ல வெளுத்துப் போகும். அட்டையை நிழல்லதான் காய வைக்கணும்.

தபால்ல அனுப்பினா 20 கிராம் வரைக்கும் அஞ்சு ரூபாய் தபால்தலை போதும். அஞ்சலட்டைன்னா 50 காசு. நம்ம நாட்டுல அஞ்சலட்டை வந்தது 1879-ல், அப்ப விலை காலணா. விலாசத்துல ஆறு எண் பின்கோடு கட்டாயம் எழுதுங்க. தமிழ்நாட்டுக்கு முதல் எண் 6-ன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. உள்ளூர்ன்னா கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்க.

இதை எதுக்கு இவ்வளவு தூரம் சொல்றேன்னா, எங்க குழுவுல நடந்த ஒரு விஷயம் இருக்கு. ஒரு அக்கா, பேர் வேண்டாம், அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன். அவங்க வீட்டுக்காரருக்கு அடிபட்டு வேலைக்குப் போக முடியாமப் போச்சு. மூணு தவணை நின்னுபோச்சு. அதோட கூட்டத்துக்கு வர்றதையும் நிறுத்திட்டாங்க. வீட்டுக்குப் போனா கதவு சாத்தியிருக்கும். குழாயடியில எங்களைக் கண்டா குடத்தை எடுத்துக்கிட்டு வேற வழியா போயிடுவாங்க. பன்னெண்டு பேர் உள்ள குழு. ஒருத்தர் தவணை நின்னா எல்லார் பேரும் பாதிக்கும், அடுத்த கடன் தள்ளிப் போகும். அதனால சில பேருக்குக் கோபம். அதுவும் நியாயம்தான்.

அந்த வருஷம் பொங்கலுக்கு நாங்க கூட்டத்துல உட்கார்ந்து அட்டை செய்தோம். பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சது. செய்துக்கிட்டு இருக்கும்போதே ஊக்குநர் அக்கா, "அவளுக்கும் ஒண்ணு செய்வோமா?"ன்னு கேட்டாங்க. ஒரு நிமிஷம் யாரும் பேசலை. அப்புறம் கோபமா இருந்த மதினிதான் முதல்ல சங்குப்பூவை எடுத்து வச்சாங்க. பதினொரு பேரும் ஆளுக்கு ஒரு பூவோ இலையோ ஒட்டினோம். கையெழுத்துப் போட்டோம். உள்ளே, "செவ்வாய்க்கிழமை உங்க இடம் காலியா இருக்கு. வாங்க"ன்னு மட்டும் எழுதினோம். கடனைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலை.

கையில கொடுத்தா கதவு திறக்க மாட்டாங்கன்னு தெரியும். அதே ஊருக்கு, தபால்ல போட்டோம்! நாலாவது நாள் தபால்காரர் கொடுத்துட்டுப் போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த அக்கா வந்தாங்க. வந்து பின்னாடி உட்கார்ந்தாங்க. பணம் கொண்டு வரலை. ஆனா வந்ததால பேச முடிஞ்சது. வீட்டு நிலைமையைச் சொன்னாங்க. தவணையைச் சின்னதாப் பிரிச்சுத் தீர்மானம் போட்டோம். அடைச்சு முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா அடைஞ்சது. அந்த அட்டை இன்னும் அவங்க வீட்டுச் சுவத்துல, கண்ணாடிக்குப் பக்கத்துல செருகியிருக்கு. நோட்டீஸ் அனுப்பியிருந்தா அதை யாராவது சுவத்துல செருகி வைப்பாங்களா?

அட்டை கடனை அடைச்சதுன்னு நான் சொல்ல வரலை. கடனை அடைச்சது அவங்க பாடுபட்ட பணம்தான். நின்னுபோன பேச்சைத் திரும்ப ஆரம்பிச்சு வச்சது அந்த அட்டை. நம்ம குழுவோட ஜீவனே அந்தப் பேச்சுதானே.

மூணாவது, தோட்டம்.

வசந்த காலம்னா நமக்கு இல்லைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். பங்குனி, சித்திரை வந்தா "என்ன வெயில், என்ன வெயில்"னு மட்டும்தான் சொல்றோம். அந்த வெயில்லதான் வேம்பு பூக்குது, புங்கை பூக்குது, சரக்கொன்றை மரம் முழுக்க மஞ்சளாத் தொங்குது. மல்லி குலுங்கிப் பூக்கிறதும் அப்பத்தான். நம்ம இளவேனில் அதுதான். நம்ம மதுரைப் பக்கத்து மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, அவ்வளவு பேர் போன பூ. அது நம்ம கொல்லையிலயும் இருக்கலாம்.

மல்லிச்செடி வச்சிருக்கிறவங்க பல பேர், பூக்கவே மாட்டேங்குதுன்னு சொல்றீங்க. காரணம் பெரும்பாலும் கவாத்துதான். கார்த்திகை மாசம் மழை ஓய்ஞ்சதும் செடியைத் தரையில இருந்து ஒண்ணரை அடி உயரத்துல வெட்டி விட்டுடணும். பார்க்கப் பாவமாத்தான் இருக்கும். காய்ஞ்ச குச்சியையும் பழைய இலையையும் எடுத்துட்டு, தூரைக் கொத்தி, மக்கின எரு ரெண்டு கூடை போடணும். மாசியில புதுத் துளிர் வரும், பங்குனியில மொட்டு வரும். புதுக் கிளையில்தான் மல்லி பூக்கும், அதனாலதான் வெட்டச் சொல்றது.

இடம் இல்லாதவங்க சிமெண்ட் சாக்கு, உடைஞ்ச பிளாஸ்டிக் வாளி, எண்ணெய் டின் எதுலயும் வைக்கலாம். அடியில ஓட்டை போடுறதை மறக்காதீங்க, தண்ணி தேங்கினா வேர் அழுகிடும். வெந்தயத்தைத் தூவினா மூணு வாரத்துல கீரை. சிறுகீரை, தண்டுக்கீரை ஒரு மாசத்துக்குள்ள பறிக்கலாம். கோடையில தண்ணி கஷ்டம். அரிசி, பருப்பு கழுவின தண்ணி, காய் அலசின தண்ணி போதும். சாயங்காலம் ஊத்துங்க. காய்ஞ்ச சருகை வேரைச் சுத்திப் பரப்பி வச்சா ஈரம் சீக்கிரம் போகாது.

கோலத்துக்கும் தோட்டத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. மார்கழியில சாணிப் பிள்ளையார் மேல பூசணிப்பூ வைக்கிறோம் இல்லையா? அதுக்கு ஆண் பூவைத்தான் பறிக்கணும். பெண் பூவுக்கு அடியில குட்டிக் காய் உருண்டையா இருக்கும். ஆண் பூ வெறும் காம்போட நிக்கும், அதுல காய் வராது. வாசலுக்கு வைக்கிற பூவால காய் குறையாதுன்னு பெரியவங்க தெரிஞ்சுதான் வச்சிருக்காங்க. ஆனா ஆண் பூவையும் ஒட்டுமொத்தமாப் பறிச்சிடாதீங்க. அந்த மகரந்தம் போய்ச் சேர்ந்தாத்தான் பெண் பூ பிஞ்சு பிடிக்கும்.

எங்க அத்தை அந்த மல்லியைக் கண்ணுல வச்சுப் பார்ப்பாங்க. சாயங்காலம் மொட்டுப் பறிச்சு, கட்டி, பேத்திக்கு வைப்பாங்க, எனக்கு வைப்பாங்க, பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பாங்க. அவங்க வச்சுக்க மாட்டாங்க. நான் ரெண்டொரு தடவை கேட்டுப் பார்த்தேன். "வேண்டாம் தாயி"ன்னுட்டாங்க. அதுக்கு மேல நான் வற்புறுத்தலை. ஆனா போன பங்குனியில ஒரு நாள் பார்த்தேன், ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி, பத்து மொட்டைப் போட்டு, திண்ணையில கோல நோட்டுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நான் கவனிக்கிறதைப் பார்த்துட்டு, "வாசனையா இருக்கட்டும்"னு சொன்னாங்க. இப்ப தினமும் அந்தக் கிண்ணத்தை எங்க பொண்ணு கழுவி வச்சிடுறா.

இப்ப ஒரு கேள்வி வரும். "இதெல்லாம் சரி, இதுல வருமானம் என்ன?" எங்க குழுவுலயும் கேட்டாங்க. பயிற்சிக்கு வந்த ஒருத்தரும், "இந்த அட்டையை விக்கலாமே, தொழிலா ஆரம்பிங்க"ன்னு சொன்னாங்க. அதனால நாங்க கணக்குப் போட்டுப் பார்த்தோம். கலர் பேப்பர், ஜிகினா, கவர் சேர்த்து ஒரு அட்டைக்கு 6 ரூபாய். 20 ரூபாய்க்கு வித்தா மிச்சம் 14. ஒரு அட்டை செய்ய 40 நிமிஷம் ஆகுது. அஞ்சு மணி நேரம் உட்கார்ந்தா 7 அட்டை, 98 ரூபாய். அதுவும் ஏழும் வித்தாத்தான். நூறு நாள் வேலைக் கூலிக்குக்கூடப் பக்கத்துல வராது. அதனால தொழிலா வேண்டாம்னு தீர்மானிச்சோம்.

நல்ல கைத்திறனும் சந்தையும் உள்ளவங்க தாராளமாச் செய்யலாம். மாவட்டத் தலைநகர்ல பூமாலை வணிக வளாகம் இருக்கு, நம்ம குழுப் பொருளுக்கு "மதி"ன்னு பேரும் இருக்கு. நான் அதுக்கு எதிரா பேசலை. ஆனா ஒண்ணு கேட்கிறேன். நம்ம கை செய்யும் எல்லாத்துக்கும் விலை கேட்கணுமா? காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் இந்தக் கை புருஷனுக்கு, பிள்ளைக்கு, மாட்டுக்கு, காட்டுக்கு, தவணைக்குன்னு ஓடுது. ஒரு அரை மணி நேரம் அது தனக்குன்னு ஒரு புள்ளி வச்சா அதை வீண் வேலைன்னு யார் சொல்லணும்? நாமளே சொல்லிக்கிறோம், அதுதான் எனக்கு வருத்தம். யாராவது வந்தா கோல நோட்டை எடுத்து மறைச்சு வைக்கிறோம். "சும்மா கிறுக்கிக்கிட்டு இருந்தேன்"னு சொல்றோம். சும்மா கிறுக்கின கோடு 169 புள்ளியையும் சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துல சேருமா?

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் மூணு. பெரிய செலவு எதுவும் இல்லை.

மாசக் கடைசிக் கூட்டத்துல, கணக்கு முடிஞ்ச பிறகு கால் மணி நேரம் ஒதுக்குங்க. எல்லாரும் கோல நோட்டைக் கொண்டு வரட்டும். ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பார்க்கலாம், விருப்பப்பட்டதைக் காட்டினாப் போதும், எழுதினதைப் படிக்கச் சொல்லக் கூடாது.

வர்ற பொங்கலுக்கு ஒவ்வொரு குழுவும், கூட்டத்துக்கு வராம நின்னுபோன உறுப்பினர் ஒருத்தருக்காவது கையால அட்டை செய்து அனுப்பணும். தவணை நின்னவங்களா இருக்கலாம், உடம்பு முடியாதவங்களா இருக்கலாம். அந்த வருஷம் துக்கம் நடந்த வீட்டுக்கு வாழ்த்து அனுப்ப மாட்டோம், தெரியும். வாழ்த்துன்னு எழுத வேண்டாம். "உங்களை நினைச்சுக்கிட்டோம்"னு எழுதி ஒரு வேப்பங்கொழுந்தை ஒட்டி அனுப்புங்க. அந்த வீட்டுக்குத்தான் அது ரொம்பத் தேவை.

மூணாவதா, கார்த்திகையில மல்லியைக் கவாத்து பண்ணும்போது வெட்டின குச்சியைத் தூக்கிப் போடாதீங்க. கிழிஞ்ச பால் கவர்ல மண்ணை நிரப்பி, ஒரு சாண் நீளக் குச்சியா நட்டு, நிழல்ல வச்சுத் தண்ணி தெளிச்சா நிறைய வேர் பிடிக்கும். செடி இல்லாத வீட்டுக்கு ஆளுக்கு ரெண்டு கொடுங்க. கணவரை இழந்த நம்ம அக்காமார் வீட்டுக்கு முதல்ல கொடுங்க. வச்சுக்கிறதும் வச்சுக்காததும் அவங்க இஷ்டம். வாசனை எல்லாருக்கும் பொதுதானே.